இரண்டு பேரும் ஒப்பமிடும் சொல்

இழுபறி என்ற சொல் நஸ்லினுக்குச் சோறு போட்ட சொல். பிரதேச செயலகத்தில் பதினொரு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். தோட்டத்துச் சனத்துக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு என்றால் நடுவில் உட்கார்ந்து, அங்கே சொன்னதை இங்கே சொல்லி, கடைசியில் அறிக்கை எழுதி இரண்டு பக்கத்திலும் ஒப்பம் வாங்க வேண்டும். 'மறுத்தார்' என்று எழுதினால் மறுத்தவர் ஒப்பமிட மாட்டார். 'இழுபறி நிலை' என்று எழுதினால் இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் இட்டுவிடுவார்கள். யாரையும் குத்தாத சொல். விஷயம் பதினைந்து நாளைக்குத் தள்ளிப்போகும். அதனால் என்ன குடியா முழுகிவிடப் போகிறது என்றுதான் அவளும் இருந்தாள்.

அன்றைக்கு அவளுடைய மேலதிகாரி மண் சரிந்த வேறோர் இடத்துக்கு ஓடிவிட்டார். கோப்போடு இவளைத் தனியாக அனுப்பியிருந்தார்.

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். மேட்டு லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டிய வரிசை வீடுகளில், ஆறு குடும்பம். நான்கு நாள் மழையில் பின்சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. வந்து பார்த்த அதிகாரிகள், இங்கே இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. கீழே பழைய ரப்பர் ஸ்டோர் சும்மா பூட்டிக் கிடக்கிறது; அதில் தங்க இடம் கேட்டார்கள். அதன் சாவி தொரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம் இருக்கிறது.

காலை ஒன்பதுக்கு ஆபீசில் பேச்சு தொடங்கியது. தொரை சொன்னது ஒன்றுதான்: எந்தத் தேதியில் ஸ்டோரைக் காலி பண்ணுவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், சாவி தருகிறேன். லயத்துக்காகப் பேச வந்த ஜெயம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், சொன்னதும் ஒன்றுதான்: புது வீடு எந்தத் தேதியில் தருவீர்கள் என்று நீங்கள் எழுதுங்கள், அதே தேதியை நாங்களும் எழுதுகிறோம். தேதி கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை, அது கம்பெனி விஷயம் என்றார் அவர். வாய்க்கு வந்த தேதியை எழுதினால் அதைக் காட்டியே நடுத்தெருவில் விடுவார்கள் என்று ஜெயம்மா பயந்தாள். பதினொன்றரை வரை இதையே நஸ்லின் அங்கும் இங்குமாகச் சுமந்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நஸ்லின் பழகிய கையோடு அறிக்கையை எழுதி முடித்தாள். தொரை படித்துப் பார்த்து ஒப்பமிட்டார். ஜெயம்மா தாளைத் தொடவில்லை.

"என்னா மிஸ் எழுதியிருக்கீங்க?"

"இழுபறி எண்டு எழுதியீக்கிறன் அக்கா. ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்கல்ல எண்டுதான் அர்த்தம். ஒத்தர் மேலயும் குத்தமில்ல."

"இழுபறின்னா என்னான்னு எனக்கும் தெரியுங்க. வருசப் பொறப்புக்கு நாங்களுந்தான் கயிறு இழுக்கிறோம். கயிறு அறுந்தா ரெண்டு பக்கமும் மல்லாக்க விழுவோம். இங்க அறுந்தா யாரு மிஸ் விழுவா? தொரை பங்களாவுல வெடிப்பு இருக்கா?" அவள் ஜன்னல் வழியே மேட்டைக் காட்டினாள். "எம்மக தனுஜா புள்ளத்தாச்சி. எட்டு மாசம். அந்தச் செவுத்தோரமாத்தான் படுக்கிறா. இதையும் இழுபறின்னு எழுதுவீங்களா?"

நஸ்லினுக்குச் சுரீர் என்றது. இந்த வருஷம் மட்டும் எத்தனை இழுபறி எழுதியிருப்பாள்! தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, பாதைக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஒரு பக்கத்துக்குக் காத்திருக்க வசதி இருந்தது. மற்றப் பக்கம் காத்துக் கிடந்தது. அடி பாவி, இத்தனை நாளும் என்னத்தைக் கிழித்தாய் என்று தன்னையே கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெயம்மா என்ன சொல்கிறாள் என்று தொரை சிங்களத்தில் கேட்டார். நஸ்லின் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெயம்மா ஒப்பமிடாமலே எழுந்து போனாள். அரைமணி நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. நஸ்லின் ஜன்னலுக்கு ஓடினாள். மேட்டு லயத்திலிருந்து ஆறு குடும்பமும் இறங்கி வந்துகொண்டிருந்தது. பாய், சட்டி, பிள்ளை குட்டி, தலைக்குமேல் பொலித்தீன். பூட்டிய ஸ்டோரின் வராந்தாவில் சாரலுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் தனுஜா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தொரை பொலிசுக்குப் போன் போட்டு, அத்துமீறி வந்துவிட்டார்கள் என்றார். பிறகு, கவர்மென்ட் ஆள் இங்கேயே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள் என்று போனை இவளிடம் நீட்டினார்.

"என்ன மிஸ், வழக்கமான இழுபறிதானே?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சிங்களத்தில் கேட்டார்கள்.

ஆமாம் என்றால் வழக்கம்போலவே முடியும். அடுத்த பேச்சு வரைக்கும் எல்லாரும் அவரவர் இருந்த இடத்துக்குப் போங்கள் என்பார்கள். இருந்த இடம் என்றால் அந்தச் சுவர்.  இந்த வேலையை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இல்லை சேர்," என்றாள், தொரைக்கும் நன்றாகக் கேட்கும்படி, அதே சிங்களத்தில். "சனம் இறங்கி வந்துவிட்டது. இவர் சாவி தர மறுக்கிறார். எட்டு மாசக் கர்ப்பிணி மழையில் நனைகிறாள். நீங்கள் வருவதாக இருந்தால் கதவைத் திறந்துவிட வாருங்கள்."