காயில் கடை வாசலில் நிற்கக்கூடாது

எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்தே சம்பாதிச்ச மனுஷன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினார். ஊரு முழுக்கச் சுத்தினாலும் அவர் கால் பெடலைத் தவிர வேற எதையும் அதிகமா மிதிச்சதில்ல. ரிட்டயர் ஆனதும் சீட்டுக்குப் பதிலா ஜன்னலோரத்துல ஒரு நாற்காலி வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் கெண்டைக்கால்ல வலின்னார். நடந்தா இழுத்துப் பிடிக்குது, நின்னா விட்டுடுதுன்னார். நாங்க என்ன பண்ணினோம்? நடந்தாத்தானே வலிக்குது, நடக்கவே வேண்டாம்னு முடிவு கட்டிட்டோம். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. தண்ணி, பேப்பர், மாத்திரை எல்லாத்தையும் நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில டாக்டர்கிட்ட போனா, அவர் காலைத் தொட்டுப் பாத்துட்டு, கணுக்கால்ல பட்டையைச் சுத்தி பிரஷர் எடுத்துட்டு, ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னுட்டார். சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து பண்ணின வேலையாம். சிகரெட்டை இன்னைக்கே விடணும், மாத்திரையை ஒழுங்காப் போடணும், தினமும் நடக்கணும். "இப்படியே உட்கார்ந்திருந்தீங்கன்னா, ஒரு நாள் இந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம்"னு சாதாரணமாச் சொன்னார். இவர் முகத்துல ஈயாடல.

நடக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு பிசியோ பொண்ணு. சின்ன உருவம், பெரிய குரல். "சார், நல்லா வலிக்கிற வரைக்கும் நடங்க. வலிச்சதும் நில்லுங்க. வலி போனதும் மறுபடி நடங்க. வலி வர்றதுக்கு முன்னாடி மட்டும் நிக்காதீங்க, அப்படி நின்னா கால் தேறாது."

"வலிக்கணும்னு சொல்ற வைத்தியத்தை நான் எங்கயும் பாத்ததில்ல"ன்னு வர்ற வழியெல்லாம் புலம்பினார்.

"நீங்க எந்த வைத்தியத்தைப் பாத்தீங்க? கையில சிகரெட்டோட ஜன்னலைத்தானே பாத்தீங்க"ன்னேன். எனக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாது.

சிகரெட்டை விட்டார். அதுக்கு நான் பட்ட பாட்டைத் தனியாத்தான் சொல்லணும். நடைதான் பிரச்சினையாச்சு. எங்க தெரு இடது பக்கம் போனா ஒரே மேடு, நாலு வீடு தாண்டறதுக்குள்ள உயிர் போயிடும். வலது பக்கம் சமதரை, நல்ல நடைபாதை, நிழல் எல்லாம் உண்டு. ஆனா அந்தப் பக்கம்தான் என் கொழுந்தனாரோட கடை இருக்கு.

கொழுந்தனார் மோட்டார் காயில் கட்டறவர். எரிஞ்சுபோன ஃபேன், மிக்ஸி, தண்ணி மோட்டார் எதைக் கொண்டுபோனாலும் பழைய கம்பியை உருவிட்டுப் புதுசாச் சுத்திக் கொடுப்பார். கடைக்குள்ள எப்பவும் வார்னிஷ் வாசனை அடிக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஆறு வருஷமாப் பேச்சு கிடையாது. எங்க மாமியார் தம்பி வீட்டுலதான் இருந்தாங்க. அவங்க இறந்த அன்னைக்கு இவர் வெளியூர் வண்டியில போயிருந்தார். தகவல் கிடைச்சு, பாதி வழியில வேற டிரைவர்கிட்ட வண்டியை ஒப்படைச்சுட்டு ஓடி வந்தார். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தா அம்மா முகத்தைப் பாத்திருப்பார். "எனக்குத் தம்பியே இல்ல"ன்னு அன்னைக்குச் சொன்னவர், சொன்ன சொல்லைக் காப்பாத்திக்கிட்டு இருந்தார். நானும் பேசக்கூடாதுன்னு உத்தரவு. எனக்கு அது எரிச்சல்தான். கொழுந்தனார் ஒண்ணும் கெட்டவர் இல்ல, ஆனா ஏன் காத்திருக்கலன்னு அன்னைக்கு நான் கேட்டதுக்கு வேற பக்கம் திரும்பிக்கிட்டார்.

"வேற தெருவுக்கு ஆட்டோவுல போய் நடக்கலாம்"னார் இவர்.

"நடக்கறதுக்கு ஆட்டோவா? வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

நம்ம நேரத்தைப் பாருங்க, வலி சரியா அந்தக் கடை வாசல்ல வந்துச்சு. அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்க முடியல. தலையைத் தூக்கி, என்னமோ தெருவிளக்கை எண்ண வந்தவர் மாதிரி நின்னார். உள்ள கொழுந்தனார் மடியில ஃபேனோட, கையில கம்பியோட எங்களையே பாத்துக்கிட்டிருந்தார். வலி விட்டதும் நடந்தோம். மறுநாளும் அங்கயேதான். அதுக்கு மறுநாளும் அங்கயேதான். கால் என்ன, இடம் பாத்தா வலிக்கும்?

கொஞ்ச நாள்ல கடை முன்னாடி நடைபாதையில குவிஞ்சு கிடந்த பழைய மோட்டாரெல்லாம் ஓரமா ஒதுங்கிடுச்சு. நாங்க நிக்கிற இடம் சுத்தமா இருந்துச்சு. நான் கவனிச்சேன், சொல்லல. சொன்னா வேற தெருவுக்கு ஆட்டோ பிடிச்சுடுவாரே.

ரெண்டு மாசம் இப்படியே ஓடிச்சு. அப்புறம் மறுபடி பிசியோ பொண்ணுகிட்ட போனோம். அது இவரை நடைமெஷின்ல ஏத்தி விட்டுச்சு. நடந்தார், நடந்தார், நடந்துக்கிட்டே இருந்தார். எனக்கே ஆச்சரியம். எங்க தெருவுல கடை வாசலைத் தாண்ட முடியாத மனுஷன், இங்க அதைப் போல மூணு பங்கு தூரம் போனப்புறம்தான் "வலிக்குது"ன்னார்.

"சூப்பர் சார். வீட்டுலயும் இவ்வளவு தூரம் நடக்கறீங்கதானே?"

"எங்க? இதுல பாதிகூட இல்ல. அதுக்குள்ளயே நின்னுடறார்"னு போட்டு உடைச்சேன்.

அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. "அப்போ சார் வலி வர்றதுக்கு முன்னாடியே நிக்கறார். நான் அன்னைக்கே சொன்னேனே. முதல்ல கிடைச்ச முன்னேற்றத்தோட கால் அப்படியே நின்னுடும், அடுத்து இறங்க ஆரம்பிக்கும். இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணாகணுமா?"

இவர் குனிஞ்சு ஷூ கயிறை அவுத்து அவுத்துக் கட்டினார். பொய்யில மாட்டினா இவருக்கு உடனே ஷூ கயிறு ஞாபகம் வந்துடும்.

வீட்டுக்கு வந்ததும் பிடிச்சேன். "எத்தனை நாளா வலியே இல்லாம அங்க நிக்கறீங்க?"

நேரா நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துட்டார்.

"என்னங்க, உங்களைத்தான்."

"ஒரு மாசம் இருக்கும்"னார் ஜன்னலைப் பாத்துக்கிட்டு. "அவன் எந்திரிச்சு வருவான்னு பாத்தேன். ஒரு வார்த்தை கேப்பான்னு. தினமும் வந்து நிக்கறானே, ஏன்னுகூட ஒருத்தன் கேக்க மாட்டானா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அதே நேரத்துல அந்த மனுஷனைப் பாக்கப் பாவமாவும் இருந்துச்சு. ஆறு வருஷமா வீம்பு பிடிச்சு உட்கார்ந்திருந்தவர், காலைச் சாக்கா வெச்சுக்கிட்டுத் தம்பி வாசல்ல போய் நின்னிருக்கார். "அப்போ நீங்களே உள்ள போய்க் கேளுங்க. ஏன் அம்மாவை எனக்குக் காட்டலன்னு கேளுங்க."

"நான் போக மாட்டேன். தப்பு பண்ணினவன் வரட்டும்."

"வர்றவரைக்கும் நின்னீங்கன்னா கால் போயிடும். ஒத்தைக் கால்ல நின்னு கேப்பீங்களா?" கத்திட்டேன். அப்புறம் குரல் உடைஞ்சுபோச்சு. "எனக்கு நீங்க ரெண்டு காலோட வேணும். அதுக்கு மேல எனக்கு எந்த நியாயமும் தெரியாது."

அன்னைக்கு ராத்திரி அவர் சரியாச் சாப்பிடல.

மறுநாள் சாயங்காலம் நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார். நடந்தோம். கடை நெருங்கினப்பவும் அவர் தலையைத் திருப்பல. கடையைத் தாண்டிட்டார். மருந்துக்கடை வாசல்வரைக்கும் போயிட்டோம். எனக்குச் சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல.

பின்னாலேருந்து "அண்ணே"ன்னு ஒரு குரல் வந்துச்சு.

கொழுந்தனார் ஓடி வந்துக்கிட்டிருந்தார். கடையைத் திறந்து போட்டுட்டு, கையில வார்னிஷ் கறையோட, தேஞ்ச ரப்பர் செருப்பு படக்கு படக்குன்னு அடிக்க வந்தார்.

"ஏண்ணே இன்னைக்கு நிக்கல? என்னண்ணே ஆச்சு?"

இவர் நடையை நிறுத்தல. "நிக்கக்கூடாதாம். பேசணும்னா கூட நடந்து வா."

ஆறு வருஷத்துக்கப்புறம் தம்பிகிட்ட சொன்ன முதல் பேச்சைப் பாருங்க. கொழுந்தனார் என்னைப் பாத்தார். நான் உத்தரவையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கால் விஷயத்தை ஒண்ணு விடாமச் சொன்னேன், நடந்துக்கிட்டே. அவர் முகம் வெளுத்துப்போச்சு.

"கால் வலிக்காகவா நின்னே? நீ அம்மாவைப் பத்திக் கேக்கறதுக்குத்தான் நிக்கறேன்னு நினைச்சேன்"னார். "இன்னைக்கு எந்திரிச்சு உன்கிட்ட வந்துடணும்னு தினமும் நினைப்பேண்ணே. முடியாது. இன்னைக்கு நீ நிக்காமப் போனதும், இனிமே வரவே மாட்டியோன்னு தோணிடுச்சு."

பள்ளிக்கூட மதிலோரம் வந்தப்ப இவருக்கு நிஜமாவே வலி வந்துடுச்சு. மதிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், மூச்சை இழுத்து விட்டார். மூணு பேரும் நின்னோம். அப்பத்தான் இவர் கேட்டார்.

"அம்மா போறப்ப ஏதாவது சொன்னாளாடா?"

கொழுந்தனார் மதிலைப் பாத்துக்கிட்டே பேசினார். "தெரியாதுண்ணே. நான் பக்கத்துல இல்ல. ஒரு மோட்டாரை வாங்க ஆள் வந்து கடையில நிக்கறான்னாங்க. பத்து நிமிஷம்தானேன்னு போனேன். அம்மா முழிச்சுத்தான் இருந்தா, போயிட்டு வான்னு தலையாட்டினா. திரும்பி வந்தப்ப உயிர் இல்ல. தனியாவே போயிட்டா அண்ணே. நீ வந்தா, அம்மா என்ன சொன்னான்னுதான் முதல்ல கேப்பேன்னு எனக்குத் தெரியும். உனக்கு என்ன பதில் சொல்வேன்? அதான் நீ வர்றதுக்குள்ள அவசர அவசரமா எல்லாத்தையும் முடிச்சேன்."

இவரோட கோவம் எனக்குத் தெரியும். ஓட்டை பஸ் ஸ்டார்ட் ஆகிற மாதிரி முதல்ல உடம்பு நடுங்கும், அப்புறம்தான் சத்தம் வரும். உடம்பு நடுங்கிச்சு. சத்தம் வரல. வலி எப்பவோ விட்டிருக்கும், இருந்தாலும் மதிலைப் பிடிச்ச கையை எடுக்கல. கொழுந்தனார் சின்னப் புள்ள மாதிரி புறங்கையால மூக்கைத் துடைச்சார்.

"நானும்தான் அவ பக்கத்துல இல்ல"ன்னார் இவர். அப்புறம் தம்பியோட காலைப் பாத்தார். "நாளைக்கு இந்தச் செருப்போட வராதே. ரொம்ப தூரம் போகணும், காலைக் கடிக்கும்."

சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். தெருன்னுகூடப் பாக்காம நான் அழுதேன். கொழுந்தனார் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட அண்ணன் பின்னாலயே போனார்.