அடியில் தங்கிய கார்பன்

ரைட்டர் வெங்கடாசலத்திடம் பீடி, சீட்டு, வெற்றிலை எதுவும் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் உண்டு. எதை எழுதினாலும் அடியில் ஒரு கார்பன் தாளைச் செருகிவிடுவார். ஏற்காட்டில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடமாகக் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டர் வேலை. எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து பத்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் கார்பன் தாள் வாங்குவதற்கென்றே அவர் சேலத்துக்குப் பஸ் ஏறி இறங்குகிறார். மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் கொடுத்த காய்கறிப் பட்டியலுக்கு நகல் உண்டு. மச்சினனுக்குக் கோபத்தில் எழுதிய கடிதத்துக்கும் உண்டு. நகல் இல்லாத எழுத்தை அவர் எழுத்தாகவே மதிப்பதில்லை.

அதனால்தான் போன மே மாதம், தன் உயிர் நண்பர் ஞானசுந்தரத்தின் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதியபோதும் அடியில் கார்பன் வைத்தார். உலகத்தில் மொட்டைக் கடுதாசிக்கு நகல் எடுத்து வைத்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

சண்டை ரோஜாவால் வந்தது. ஞானசுந்தரம் மிஷன் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோஜா வளர்ப்பவர்களுக்கென்று ஊரில் ஒரு சங்கம் இருந்தது. சொந்தமாக வளர்த்த செடிகளுக்கு வருடத்துக்கு ஒரு போட்டி நடத்தும். ஒன்பது வருடமாக முதல் பரிசுக் கோப்பை வாத்தியாருக்கு, இரண்டாம் பரிசான பூவாளி ரைட்டருக்கு. ஒரு மனிதன் ஒன்பது பூவாளிகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வான்? பத்தாவது போட்டிக்கு நாலு நாள் முன்னால், குப்பனூர் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து வாத்தியார் ஒரு தொட்டியைப் பேப்பரில் சுற்றி, பச்சைப் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கினார். அதை ரைட்டர் கண்ணால் பார்த்துவிட்டார். அன்றைக்கே இடது கையால் கடுதாசி எழுதித் தபாலில் சேர்த்தார். சங்கத்தார் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் ஓசூர் நர்சரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கோப்பை கைமாறி ரைட்டர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாத்தியார் மனம் கோணவில்லை. மறுநாளே வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டு, கோப்பையைத் துடைத்து வேறு வைத்துவிட்டுப் போனார். அந்தக் கேசரிதான் ரைட்டருக்குச் செரிக்கவில்லை. ஒண்டிக்கடை முக்கில் ராஜேந்திரன் பேக்கரி பெஞ்சில் தினமும் நாலு மணிக்கு இருவரும் சேர்ந்து டீ குடிப்பது இருபது வருட வழக்கம். மகள் திருப்பூரில் இருக்கிறாள், மனைவி மாதம்மாளுக்கு சீரியல் இருக்கிறது. ரைட்டருக்கு இந்த பெஞ்சை விட்டால் ஊரில் மனம் விட்டுப் பேச ஒரு ஆள் இல்லை. கடுதாசி விஷயம் வெளியே வந்தால் பெஞ்சு போய்விடும்.

நகலை எரித்துவிட்டிருக்கலாம். ஆனால் ஆபீஸ் நகலை எரிப்பது அவரைப் பொறுத்தவரை பெரும் பாவம். நகல் எங்காவது இருக்க வேண்டும், யார் கையிலும் கிடைக்கவும் கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நகலையும் அந்தக் கார்பன் தாளையும் சேர்த்துக் கட்டி, மாதம்மாளின் அம்மிக் குழவியோடு பிணைத்து, படகுத் துறையில் மிதி படகுக்குச் சீட்டு எடுத்தார். அறுபது வயதுக்காரர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு அன்ன வடிவப் படகில் தன்னந்தனியாக மிதித்துக்கொண்டு போவதைக் கரையில் இருந்த சுற்றுலாக்காரர்கள் வீடியோ எடுத்தார்கள். ஏரியின் நடுவே கட்டு முழுகியது. மாதம்மாள் இன்றைக்கும் குழவியைத் தேடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறாள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. ரைட்டரும் ஒருவாறு தூங்கப் பழகிவிட்டார். அப்போதுதான் ஜனவரிப் பனியில் ஒரு நாள், பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்தபடி வாத்தியார் சொன்னார்.

"நம்ம தம்பி மக ஆஷ்லின் மெட்ராஸ்ல கடல் ஆராய்ச்சி பண்றாள்ல, அவ நேத்து ஊட்டுக்கு வந்திருக்காளுங்க. ஏதோ புதுக் கேமராவாம். கப்பல்ல கொண்டு போறதுக்கு முன்னால நம்ம ஏரியில உட்டுப் பாக்கறாங்களாம்."

"ஏரியில என்னத்தைங்க படம் புடிக்கறது?"

"என்னமோ சொன்னாளுங்க. தண்ணிக்கு அடியில போயித் தங்குற கார்பனைக் கண்டுபுடிக்கறதாம்."

ரைட்டரின் வர்க்கி டீக்குள் விழுந்து முங்கியது. எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு (லீவு லெட்டருக்கு நகல் எடுத்துக்கொண்டு) நேரே படகுத் துறைக்குப் போனார். படகுக்காரர் டொமினிக் ஒரு கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேபிளின் நுனியில் சமையல் கேஸ் சிலிண்டர் பருமனில் ஓர் இரும்புக் குழாய். அதில் கண்ணாடியும் விளக்கும் இருந்தன. ஆஷ்லின் குல்லா போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"என்ன கண்ணு, தெளிவாத் தெரியுதா?" என்று ரைட்டர் ஒன்றும் தெரியாதவர்போல் ஆரம்பித்தார்.

"சூப்பரா தெரியுது அங்கிள். செகண்டுக்குப் பத்துப் படம். தலைமுடி கனம் இருந்தாப் போதும், விடாது."

தலைமுடி கனம் என்றால் பேனாக் கோடு எம்மாத்திரம். ரைட்டர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "படத்துல இருக்கறது யாருதுன்னு எப்படிக் கண்ணு தெரியும்?"

"கம்ப்யூட்டரே ஒவ்வொண்ணா வெட்டி எடுத்துப் பேர் எழுதிடும். எந்தக் குடும்பம்கிறது உடனே தெரிஞ்சுடும். கொஞ்சம் மெனக்கெட்டா ஆளையே சொல்லிடலாம்."

"குடும்பம் வரைக்குமா?"

"குடும்பம்லாம் ஈஸி அங்கிள்."

ரைட்டருக்குக் கண் முன்னால் மாதம்மாள் வந்து நின்றாள், கையில் குழவி இல்லாமல். இருந்தாலும் முப்பத்தோரு வருட அனுபவம் வீண் போகுமா? விசாரணையைப் பக்குவமாகத் தொடர்ந்தார். "இந்தக் கார்பனை அடிக்குக் கொண்டு போறது யாரு கண்ணு?"

ஆஷ்லினுக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. ஊரில் ஒருவராவது சரியாகக் கேட்கிறாரே என்று லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினாள். "அதுதான் அங்கிள் எங்க ஆராய்ச்சியே! கொண்டு போறவங்க எல்லாம் ரொம்பக் குட்டி ஆளுங்க. பார்த்தா நம்பவே மாட்டீங்க."

ரைட்டர் ஐந்தடி உயரம். குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தி நின்றுகொண்டார்.

"சத்தமே இல்லாம மேல வருவாங்க, வேலையை முடிச்சுட்டு நழுவிடுவாங்க," என்றாள் ஆஷ்லின். "இத்தனை நாளா யாருக்கும் அவங்க கணக்கு சரியாத் தெரியல. இந்தக் கேமரா வந்த பிறகு தப்பிக்கவே முடியாது."

"அடிக்குப் போனது அங்கேயே கெடந்துட்டா யாருக்கு என்ன கெடுதல் கண்ணு?"

"கெடுதலே இல்ல, அங்க இருக்குறதுதான் நல்லது! ஆழ்கடலுக்குப் போயிட்டா நூத்துக்கணக்கான வருஷம் வெளிய வராது. ஆனா இந்த ஏரி மாதிரி இடத்துல தங்காது அங்கிள். ஆழம் எங்க இருக்கு? கொஞ்சம் கலக்கிவிட்டாப் போதும், எல்லாம் மேல வந்துரும். பாருங்க, மதியம் கேமராவை அடிவரைக்கும் இறக்கப் போறோம்."

கப்பல் ஏறிப் போய்ப் போட்டிருக்க வேண்டும் என்று ரைட்டர் நொந்துகொண்டார். வங்காள விரிகுடா கைக்கெட்டும் தூரத்திலா இருக்கிறது?

வீட்டுக்குப் போனார், சோறு இறங்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் கோப்பை பளபளத்தது. நாலு மணிக்குள் படம் வந்துவிடும். பெரியப்பா வீட்டில் தங்கியிருக்கும் பெண் படத்தை முதலில் பெரியப்பாவிடம்தானே காட்டுவாள்? கம்ப்யூட்டர் சொல்லி வாத்தியார் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். இந்த முடிவுக்கு வந்ததும் எட்டு மாதமாக நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்ததும், டீ வருவதற்கு முன்பே, மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பஸ்ஸில் இறங்கிய தொட்டி, இடது கை, தபால், நகல், குழவி, அன்னப் படகு, ஒன்றையும் விடவில்லை.

வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எதுல கட்டிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"உர மூட்டைக்குள்ள வருமுங்களே பாலித்தீன், அதுல. ரெண்டு சுத்து."

"தண்ணியில போடறதுக்கு எதுக்குங்க பாலித்தீன்?"

"நனைஞ்சா எழுத்து அழிஞ்சுருமுங்களே."

கல்லாவில் இருந்த ராஜேந்திரன் சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். வாத்தியாரின் தோளும் ஒரு முறை குலுங்கியது. ஆனால் முகத்தில் அவர் சிரிப்பைக் காட்டவில்லை.

"ரைட்டரே, அந்தக் கேமராவுக்குக் கடுகை விடப் பெருசா எதுவுமே தெரியாதுங்க. தண்ணியில கண்ணுக்குத் தெரியாம மெதக்குற பூச்சி, பாசி, இதுங்களைப் படம் புடிச்சு, எது எந்தக் குடும்பம்னு பிரிக்கறது. காத்துல இருக்கற கரியமில வாயுவைப் பாசி இழுத்துக்குது. ராத்திரி மேல வந்து பாசியைப் பூச்சி திங்குது. தின்னுட்டுப் பேளுறது கடலுக்கு அடியில போயித் தங்கிருது. அதைத்தான் கார்பன்னு சொல்றாளுங்க. உங்க கட்டு கேமரா மேலயே முட்டுனாலும் அதுக்கு ஒரு கறுப்புதான் தெரியும்."

ரைட்டருக்கு இப்போதுதான் புரிந்தது. பூச்சிப் பீயைப் படம் பிடிக்க வந்த கேமராவுக்குப் பயந்து, யாரும் கேட்காத குற்றத்தை நடு ஒண்டிக்கடையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைவிட ஏரியில் தானே குதித்திருக்கலாம்.

"அப்ப... உங்களுக்குத் தெரியவே வந்திருக்காதுங்களா?"

"எனக்கு மே மாசமே தெரியுமுங்க," என்றார் வாத்தியார். "சங்கத்துல கடுதாசியை என்ற கிட்டக் காட்டுனாங்க. மொட்டைக் கடுதாசிக்கு 'பொருள்'னு போட்டு, 'பார்வை: நேரில் கண்டது'ன்னு போட்டு, கடைசியில 'தங்கள் கீழ்ப்படிந்த, பெயர் கூற விரும்பாதவன்'னு முடிக்கறவரு ஏற்காட்டுல வேற யாரு இருக்கறாங்க? இடது கையில எழுதுனா மட்டும் மாறிருமா?"

ரைட்டருக்குத் தரையைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. "தெரிஞ்சுமா கேசரி சாப்புட்டீங்க?"

"நொம்ப நல்லா இருந்துச்சுங்க." வாத்தியாரின் குரல் அப்போதுதான் மாறியது. "நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஏப்ரல்ல உங்க ஊட்டுக்கு வந்தப்ப உங்க செடியைப் பாத்தேன். அந்த மாதிரி ரோஜாவை நான் பத்து வருசத்துல வளத்தது இல்லீங்க. ராவெல்லாம் தூக்கம் வரல. அந்தப் பயத்துலதான் ஓசூருக்கு ஓடுனேன். நீங்க கடுதாசி எழுதியிருக்கவே வேண்டாம், நான் வளத்த செடியையே வெச்சிருந்தா அன்னைக்கு நீங்கதான் முதல்."

ஒன்பது பூவாளிகளில் எதுவும் ரைட்டரை இப்படிக் கலங்க வைத்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுருங்க வாத்தியாரே" என்றார்.

"அது இன்னைக்கு முடியாதுங்க." வாத்தியார் எழுந்து மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டார். "எட்டு மாசமா இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு தெனமும் நாலு மணிக்கு வந்து உக்காந்தனுங்க. நீங்க மழையைப் பத்திப் பேசுனீங்க, மெளகு வெலையைப் பத்திப் பேசுனீங்க. நீங்க வாயைத் தொறக்காம நான் எப்புடிக் கோவப்படறது? கோவத்தையும் அப்புடியே வெச்சிருக்கறேன், மன்னிப்பையும் அப்புடியே வெச்சிருக்கறேன். இன்னைக்குக் கோவம் மட்டுந்தான். இன்னொண்ணு வேணும்னா நாளைக்கு நாலு மணிக்கு வந்து வாங்கிக்கங்க."

டீயைத் தொடாமல், திரும்பிப் பார்க்காமல், பனிக்குள் விறுவிறுவென்று நடந்து போனார். இருபது வருடத்தில் அவர் இவ்வளவு கோபமாக நடந்து ரைட்டர் பார்த்ததில்லை. ஆனால் பெஞ்சு போகவில்லை, ரைட்டருக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

"மணி என்னங்க ராஜேந்திரன்?" என்று கேட்டார்.

"நாலே காலுங்க."

நாளை நாலு மணிக்கு இன்னும் இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. ரைட்டர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.