தோற்பதற்கென்றே ஒரு வழி

1
இந்தக் கதை ஓர் ஒப்பீட்டு அட்டவணையில் பிறந்தது. அதைப் போட்டவன் நான்தான். கோபம் வந்தால் என்னையும் சேர்த்தே திட்டுங்கள்.

2
கடலைத் தூர்த்த நிலத்தில் வசந்தம் வந்து, செர்ரிப்பூ…

(வேண்டாம். பூவைக் காட்டி ஏமாற்ற வரவில்லை.)

டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்த மண்ணில் ஒரு முதியோர் இல்லம். கட்டடத்துக்கு மட்டும் ஆழத்தில் தூண் இறக்கலாம். இல்லையென்றால் வளாகம் முழுக்க மண்ணை இறுக்கலாம். எது மலிவு என்று எழுதுவது என் வேலை. எங்கள் தொழிலில் மூன்று வழி காட்டியாக வேண்டும். முடிவு முன்பே ஆகியிருக்கும். மூன்றாவது ஒப்புக்குச் சப்பாணி, தோற்பதற்கென்றே வைப்பது.

பார்வைக்குத் தூண்தான் மலிவு. ஆனால் சுற்றியுள்ள மண் அமிழ்ந்தால் ஒடியும் குழாய்க்கும் வாசலுக்கும் ஆகும் செலவை ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். அதைக் கூட்டினால் மண்ணை இறுக்குவதே மலிவு. மேலாளர் தொகாஷி தாளைப் பார்த்தார்.

"ஏம்ப்பா உசாமி, கட்டடத்துக்குத்தான கேட்டாங்க? வாசலுக்கா கேட்டாங்க?"

"வாசல் இல்லாம எப்படி சார் வெளிய போவாங்க?"

"பறந்து போவாங்க. அந்த வரிய எடு."

எடுத்தேன். தூணுக்கு இரட்டை வட்டம், மண்ணுக்கு ஒற்றை வட்டம், ஒப்புக்கு வைத்ததற்கு முக்கோணம். எங்கள் அட்டவணையில் இரட்டை வட்டம் என்றால் ஜெயித்தது, முக்கோணம் என்றால் தோற்றது.

3
(தொகாஷியை அரக்கனாக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் எனக்குக் காய்ச்சலென்றால் ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நிற்கும் மனிதர் அவர். அதுதான் எரிச்சல்.)

4
நிலநடுக்கம் வந்தது. கட்டடத்தில் ஒரு கீறல் இல்லை. சுற்றியிருந்த மண் முழங்கால் ஆழம் இறங்கி, வாசற்படி அந்தரத்தில் நின்றது. கழிவுக் குழாய் ஒடிந்தது. அங்கே சக்கர நாற்காலியில் இருக்கும் மிட்சுயோ அம்மா பதினேழு நாள் உள்ளேயே கிடந்தார். கழிப்பறை போக வேண்டுமே என்று தேநீரைக்கூட நிறுத்திவிட்டார். சிறுநீரகம் கெட்டுப்போனது.

"கட்டடத்துக்கு ஒண்ணுமில்லையே தம்பி," என்றார், சேதம் பார்க்கப் போன என்னிடம். "நான் யாரப் போய்த் திட்டறது?"

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தூ.

5
நாளை குடியிருப்போர் கூட்டம். 'எதிர்பாராத நில அமிழ்வு' என்கிறது எங்கள் அறிக்கை. அது எடுபட்டுவிட்டால் சீரமைப்புச் செலவு அவர்கள் தலையில். அந்த வரி இருக்கும் பழைய தாள் என் பையில் இருக்கிறது.

முடிவு ஒன்று: எங்கள் அலுவலகத்தார் எல்லோரோடும் சேர்ந்து இடுப்பு வளையக் குனிந்து வருந்துகிறேன்.

முடிவு இரண்டு: காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்கிறேன். தொகாஷி பழத்தோடு வருகிறார்.

முடிவு மூன்று: தாளை மிட்சுயோ அம்மாவின் மடியில் வைக்கிறேன்.

மூன்றாவதை எதற்காக எழுதுவோம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். விட்டால் அதற்கு முக்கோணம் போட்டுவிடுவேன். இருபது வருடப் பழக்கம். பேனாவை என் கையிலிருந்து பிடுங்குங்கள்.