கவர்னரின் நான்கு கால்கள்

இந்தப் பூமியில் எழுந்த பேரரசுகள் அத்தனையும் குதிரையின் கால்களில்தான் நின்றன. இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஆட்சியும் அப்படித்தான் நின்றது. ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அந்தக் கால்களில் சொறி பிடித்தது.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு கொழும்பிலிருந்து வந்த புதுத் துரை, தான் ஒரு குதிரை ஏறாவிட்டால் சுதந்திரத்துக்கே இழுக்கு என்று நினைத்தவர். குதிரைக்குக் கவர்னர் என்று பெயர் வைத்தார். செம்பழுப்பு உடம்பு; நான்கு கால்களும் முழங்கால் வரை வெள்ளை. விடிகாலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அவர் கவர்னர் மேலேதான் வருவார். அந்த வெள்ளை எல்லார் கண்ணிலும் படவேண்டுமே! எனவே தினமும் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கால்களைத் தேய்த்துக் கழுவி, உடனே கம்பளித் துணி சுற்றிவைக்க உத்தரவு. குதிரைக்காரன் பழனியாண்டி உத்தரவை ஒரு நாளும் தவறவிடவில்லை.

மழையும் விடவில்லை. துணி காயவே இல்லை.

முதலில் கவர்னர் காலை உதறியது. பிறகு குனிந்து பல்லால் கடித்தது.

"கவர்னருக்கே சொறியின்னா நாமல்லாம் எந்த மூலைக்கு!" என்றாள் பெரட்டில் நின்ற, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. துரைக்குச் சுருக்கென்றது.

"சுத்தம் போதாது. மூணு தரம் கழுவு!"

தோட்டத்து மருந்துக்காரர் வீரய்யா, ஆட்களின் சிரங்குக்குக் கொடுக்கும் கந்தகக் களிம்பை அப்பி, மேலே துணியை இறுக்கினார். கால்கள் வீங்கின. தொட்டாலே கவர்னர் நடுங்கியது. வியாழக்கிழமைப் பெரட்டில் அது உதைத்த சேறு துரையின் தொப்பியிலேயே போய் ஒட்டியது.

"பழனியாண்டி, நான் நுவரெலியா போறது. திங்கள் பெரட்டுல இது ஆடாம நிக்க வேணும். ஆடினா சுடுறது."

பழனியாண்டி கொட்டிலில் கவர்னரின் முகத்தைப் பார்த்தபடி சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அவன் மனைவி பேச்சியம்மா குதிரையின் கால் துணியை அவிழ்த்தாள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. குளம்புக்கு மேலே தோல் வெடித்து, மயிரோடு பொருக்குத் தட்டியிருந்தது.

"அட பாவி மனுசா! இது நம்ம சேத்துப்புண்ணுதான். மழைக்கு எனக்கு வெரலிடுக்குல வர்றதில்ல? அப்ப நான் என்ன, ஈரத்துணியவா சுத்திக்கிட்டுத் திரியிறேன்?"

"தொர உத்தரவு, புள்ள."

"உத்தரவு போட்டா புண்ணு ஆறுமா? காய வையி. வாயில்லா சீவன், பாவம்."

"எங்கிட்டு காய வைக்க? தோட்டமே ஊறிப்போயில்ல கெடக்கு."

காய்ந்த இடம் ஒன்று இருந்தது. தேயிலைப் பெக்டரியில் கொழுந்தை உலர்த்தும் அடுப்பின் வெளிச்சுவரையொட்டிய விறகுக் கொட்டகை. இருவரும் கவர்னரை அங்கே நடத்திப் போனபோது அடுப்புக்காரன் சோலைமலை வழியை மறித்தான்.

"தேயிலையில குதிர வாசம் அடிச்சா லண்டன்காரன் சும்மா விடுவானா?"

"இதான் மலநாட்டு ருசின்னு குடிப்பான். நவுருங்கண்ணே!" என்றாள் பேச்சியம்மா.

நான்கு நாள் அந்தக் கால்களில் தண்ணீர் படவில்லை. வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, பொருக்கு ஊறித் தானாக விழும்வரை பொறுத்திருந்தார்கள். சனிக்கிழமை கவர்னர் கடிப்பதை நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை நின்றபடியே தூங்கியது. பழனியாண்டி அன்றுதான் வயிறாரச் சோறு தின்றான்.

திங்கட்கிழமை, துணியில்லாமல், மஞ்சள் பூசிய கால்களோடு கவர்னர் பெரட்டுக்கு வந்தது. முதுகில் துரை. இருநூறு பேர் துரையை விட்டுவிட்டுக் குதிரையின் கால்களைப் பார்த்தார்கள். முன்கால் ஒன்று மெல்ல எழுந்தது. கால் ஓரடி நகர்ந்து, சத்தமில்லாமல் தரையில் ஊன்றிக்கொண்டது. அவ்வளவுதான்.

"துணி எங்க?"

"ஈரந்தாங்க தொரே புண்ணாக்குச்சு. மஞ்சளெண்ணெ தடவிக் காய வச்சோம். ஆறிருச்சுங்க."

துரை தொண்டையைச் செருமினார். விஞ்ஞான முறையில் தாம் அளித்த சிகிச்சை பலித்துவிட்டதாகவும், கவர்னரைச் சுடும் அவசியம் இனி இல்லை என்றும், இருநூறு பேருக்கும் கேட்கும்படி அறிவித்தார். வீரய்யா முதல் ஆளாகத் தலையாட்டினார்.

பெரட்டு கலைந்ததும் துரை பழனியாண்டியை மட்டும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு கட்டையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, நனைந்த கம்பளிக் காலுறைகளை மெதுவாக உரித்தார்.

"அந்த எண்ணெய் மிச்சம் இருக்கா?"

துரையின் கால்கள் கவர்னரின் கால்களைவிட மோசமாக இருந்தன.