செனட்டருக்குப் போட்ட பாத்தி

வெர்லின் டாலெஃப்சன் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணிலிருந்து விழுந்தது ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உயரம் பதினான்கடி. இடுப்பில் பட்டை கட்டாமல் யாரும் பரண் ஏறக்கூடாது என்பது ஹாகன் ஓடை மான் மேலாண்மைச் சங்கத்தின் நான்காம் விதி. பன்னிரண்டு விதிகளையும் எழுதியவர், அச்சடித்து ஒன்பது நிலக்காரர்கள் வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர், சங்கத்தின் தலைவர் எல்லாமே வெர்லின்தான். பட்டை வண்டியில் இருந்தது.

இடுப்பெலும்பு மூன்று துண்டு. திருகாணி போட்டு முடுக்கிய டாக்டர், "ஏணின்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார். கூடத்தில் கட்டில் போட்டார்கள். மனைவி மார்லிஸ் தலைமாட்டில் தண்ணீர், மாத்திரை, மணி மூன்றும் வைத்தாள். மூன்றாம் நாள் மணியை எடுத்துவிட்டாள்.

வெர்லினுக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதன் பெயர் செனட்டர்.

ஐந்து வருடமாக அவர் ஒரு கலைமானை வளர்த்து வந்தார். வளர்த்தார் என்பது அவருடைய சொல். மான் அப்படி நினைத்ததற்குச் சாட்சி இல்லை. காட்டுக்கு நடுவே ஓர் ஏக்கரில் மரம் வெட்டி, மண்ணைச் சோதனைக்கு அனுப்பி, சுண்ணாம்பு தூவி, குளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்து ஒரு தீனிப்பாத்தி போட்டிருந்தார். மகளுக்குப் பல்லில் கம்பி கட்டிய டாக்டரின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்த மண்ணின் அமிலத்தன்மை எவ்வளவு என்பது தசமப் புள்ளியோடு தெரியும். செனட்டர் அங்கே மேய்ந்தது. மூன்று முறை துப்பாக்கிக்கு நேராக, விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நின்றது. மூன்று முறையும் வெர்லின் துப்பாக்கியைத் தாழ்த்தினார். கொம்பு இன்னும் ஏற வேண்டும். "சுடுறவன் வேட்டைக்காரன், சுடாம விடுறவன்தான் மேலாளர்" என்று மதுக்கடையில் அவர் சொல்வதைக் கேட்காதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் செவிடர்கள் மட்டுமே.

இந்த வருடம் அதற்கு ஐந்தரை வயது. இதுதான் அந்த வருடம். அடுத்த நவம்பர் வரை அதைக் குளிரும் விடாது, சாலையில் ஓடும் லாரியும் விடாது. அவர் இடுப்பைப் பற்றியும் அதையே சொல்லலாம்.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். பாத்தி ஓரத்தில் தரையிலேயே ஒரு மறைப்புக் குடில். நவம்பரில் துப்பாக்கி வேட்டை தொடங்கும் சனிக்கிழமை விடியலில் மைத்துனன் டுவேன் டிராக்டரில் கொண்டுபோய், சக்கர நாற்காலியோடு உள்ளே தள்ளிவிடுவான். மிச்சத்தைக் குளோவர் பார்த்துக்கொள்ளும். அதற்குக் குளோவர் இருக்க வேண்டும். நடுவில் முளைத்த புல்லை மட்டும் மருந்தடித்துக் கொல்ல வேண்டும். அதையும் டுவேன்தான் செய்ய வேண்டும்.

டுவேனுக்குப் பதினான்கு பக்கக் கையேடு ஒன்று எழுதிக் கொடுத்தார். டுவேன் பயபக்தியோடு வாங்கிக்கொண்டான்.

பாத்தி ஓர மரத்தில் கட்டிய கேமரா, எது அசைந்தாலும் படம் எடுத்து வெர்லினின் கைப்பேசிக்கு அனுப்பும். செப்டம்பர் முதல் வாரம், முதுகில் மருந்துத் தொட்டியோடு டுவேனின் படம் வந்தது. நல்ல பையன், வரிசை தப்பாமல் அடிக்கிறான் என்று நினைத்தார். நாலாம் நாள் படத்தில் பாத்தி கொஞ்சம் வெளிறியிருந்தது. ஏழாம் நாள் மஞ்சள். பத்தாம் நாள் பழுப்பு. புல் செத்திருந்தது. குளோவரும் செத்திருந்தது.

"டுவேன், எந்த மருந்துக் குடத்துலேர்ந்து எடுத்த?"

"முதல் குடம்னுதானே மச்சான் எழுதியிருந்தீங்க."

"முதலாம் எண் குடம்னு எழுதியிருந்தேன். எல்லாத்தையும் கொல்றது ரெண்டாம் எண்."

"அலமாரியில முதல்ல அதுதான் இருந்துச்சு."

"குடத்து மேல ரோமன்ல நம்பர் போட்டிருந்தேனே. ஒன்பதாம் பக்கத்துல விளக்கமா இருக்கே."

"ரெண்டு கோடு இருந்துச்சு. அழகுக்குப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அடுக்களையில் மார்லிஸ் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அவள் சிரிக்க வேண்டி வந்தால் அப்படித்தான் செய்வாள்.

இன்னும் நாள் இருந்தது. ரை தானியம் விதைத்தால் ஒரு வாரத்தில் பச்சை வந்துவிடும். டுவேன் இரண்டு மூட்டை விதையைத் தூவினான். மண்ணைக் கிளறி மூட வேண்டும் என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது. மறுநாள் காலை கைப்பேசி ஒலித்தது. படத்தில் ஒரு வான்கோழி. மறுபடி ஒலித்தது. ஆறு. மதியத்துக்குள் முப்பத்திரண்டு. கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக நின்று, ஒரு விதை விடாமல் பொறுக்கிக்கொண்டிருந்தன. வெர்லின் கைப்பேசியைப் பார்த்து "சூ" என்றார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு. அதுங்க ரெண்டு மைல் தள்ளி இருக்கு" என்றாள் மார்லிஸ்.

அக்டோபரில் செனட்டரின் படம் ஒன்றுகூட வரவில்லை. அது எங்கே போகிறது என்பதை மார்லிஸ்தான் கடையில் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் நிலத்தின் எல்லைக்கு அந்தப் பக்கம் பெர்னீஸ் பிஸ்காவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆப்பிள் மரங்கள் உண்டு. பெர்னீஸுக்கு எழுபத்துநான்கு வயது. குனிய முடியாததால் விழுந்த பழம் விழுந்தபடியே கிடக்கும். மண் சோதனை இல்லை, சுண்ணாம்பு இல்லை, கையேடு இல்லை. சங்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டதே, வெர்லின் மூன்று முறை வந்து மூன்று குவளை காபி குடித்ததைத் தாங்க முடியாமல்தான்.

வெர்லின் யோசித்தார். பிறகு வேட்டைக் காவல் அதிகாரியைக் கூப்பிட்டு, பொதுவான சந்தேகம் என்று ஆரம்பித்தார். மானுக்குப் பயிர் போடலாம், தீனி கொண்டுவந்து கொட்டக்கூடாது என்பது சட்டம். தரையில் ஆப்பிள் கிடந்தால் அது தடைசெய்யப்பட்ட இரை வைப்பு ஆகாதா?

"யாராவது கொண்டுவந்து போட்டாங்களா?"

"மரம் போட்டது."

"மரத்து மேல கேஸ் போட முடியாதுங்க" என்றார் அதிகாரி.

கடைசியாக ஒரு புண்ணிய காரியம் தோன்றியது. தனியாக இருக்கிற வயதானவளுக்கு உதவியாக, விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வா என்று டுவேனை அனுப்பினார். மாலைக்குள் படம் வந்தது. டுவேன் இரண்டு வாளி ஆப்பிளைச் செத்த பாத்தியின் நடுவில் கொட்டிக்கொண்டிருந்தான். கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை வேறு உயர்த்தியிருந்தான். இரை வைக்கக்கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. தலைவர் உடனே அவனைக் கைப்பேசியில் கூப்பிட்டார். ஒரு பழம் விடாமல் திரும்பப் பொறுக்கினான் என்பதற்கும் படம் இருக்கிறது.

"பெர்னீஸம்மா என்ன சொன்னாங்க?"

"இன்னும் நிறைய விழும், மெதுவா வான்னாங்க. அல்வா மாதிரி ஒரு ஆப்பிள் பலகாரம் குடுத்தாங்க மச்சான். உங்களுக்கு ஒரு துண்டு எடுத்து வச்சேன், வழியில பசிச்சிடுச்சு."

சனிக்கிழமை விடியலில் வெர்லின் குடிலுக்குள் இருந்தார். உடம்பெல்லாம் ஆரஞ்சு உடை, மடியில் துப்பாக்கி, காலுக்கு மார்லிஸ் சுற்றிவிட்ட இரண்டு போர்வை. வாசலில் டிராக்டரில் ஏற்றும்போது அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

டுவேன் தன் பரணுக்குப் போய்விட்டான். எதிரே ஓர் ஏக்கர் பழுப்பு. உறைபனி விழுந்து, அது செத்திருப்பதை இன்னும் தெளிவாகக் காட்டியது. பழக்கத்தில் வரலாம் என்று வெர்லின் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஐந்து வருடம் வந்த இடம். நன்றி என்று ஒன்று மானுக்கு இருக்கலாம். ஓர் அணில் வந்தது. பாத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. இரண்டாவது வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தியதும் இடுப்பில் திருகாணிகள் தங்கள் பெயரைச் சொல்லின. உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். சக்கரம் உறைந்த மண்ணில் அரையங்குலம் நகர்ந்து நின்றது. யாருடைய வெடியாகவும் இருக்கலாம். கைப்பேசி ஒலித்தது.

"வெர்லினு, பெர்னீஸ் பேசறேன். உன் ஏழாவது விதி ஞாபகம் இருக்கா? சுட்ட கலைமானைத் தலைவர்கிட்ட கொண்டுவந்து வயசு பாக்கப் பல்லு காட்டணும்னு. நீ எங்க இருக்க, வீட்லயா, காட்லயா?"

"காட்ல" என்றார்.

அவள் தன் புல்வெட்டும் டிராக்டரில், பனிச்சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டு அங்கிக்கு மேல் ஆரஞ்சு மேல்சட்டை. வெடி கேட்டு வந்திருந்த டுவேன் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தான். பலகையில் செனட்டர் கிடந்தது. கொம்பு பலகைக்கு இருபுறமும் வழிந்தது. அவர் கணக்குப் போட்டதைவிடவும் ஏறியிருந்தது.

"பின்வாசல்ல உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தேன். இந்த ஆப்பிள் திருடன் தினம் வருவான். இன்னிக்குத்தான் சட்டப்படி சரியான நாளாச்சே" என்றாள். "அஞ்சு வயசுக்குக் கம்மின்னா ஒரு வருஷம் சஸ்பெண்டுன்னு போட்டிருக்க. எனக்கு எழுபத்தி நாலு. ஒரு வருஷம் எனக்குப் பெரிசு. பாத்து சொல்லுப்பா."

டுவேன் மானின் தலையைத் தூக்கி அவர் மடியில், போர்வை மேல் வைத்தான். இன்னும் சூடு இருந்தது. வெர்லின் தாடையைத் திறந்து விரலை விட்டு, கடைவாய்ப் பற்களைத் தடவினார். நாலரை என்று சொல்லலாம். சொல்லிப் பார்க்க வாயும் திறந்தார். ஆனால் இந்த மானின் ஐந்து வருடத்துப் படங்களை, தேதி வாரியாக ஒட்டிய ஆல்பத்தை, ஊரில் அவர் காட்டாத ஆளில்லை. பெர்னீஸிடமே இரண்டு முறை காட்டியிருந்தார். பற்களும் மழுங்கித்தான் இருந்தன.

"அஞ்சரை" என்றார்.

"அப்ப சரி. எட்டாவது விதிப்படி நீ கை குடுக்கணும்."

கொடுத்தார். அவள் கையில் ஆப்பிள் வாசனை அடித்தது.

"ரொம்ப நல்லா வளர்த்திருக்கப்பா" என்றாள் பெர்னீஸ். அவள் குரலில் ஒரு துளி கிண்டல் இருந்திருந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.

அப்போது அவர் சட்டைப் பைக்குள் கைப்பேசி ஒலித்தது. மரத்துக் கேமரா தன் கடமையைச் செய்திருந்தது. காலை எட்டு மணி இரண்டு நிமிடம், உறைநிலைக்கு நாலு டிகிரி கீழே. செத்த பாத்தி, ஆரஞ்சு மேல்சட்டையில் ஒரு கிழவி, மான் தலையை மடியில் வைத்துக்கொண்டு அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

டுவேன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"பாத்தீங்களா மச்சான்" என்றான், உண்மையான சந்தோஷத்தோடு. "கடைசில நம்ம பாத்திக்கு வந்துட்டான்."