ஒரு மொட்டும் கோடிக் கிருமிகளும்

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரு பூவுக்காகத்தான் தொடங்கினேன்.

மேகமலைச் சரிவில், உலகத்தில் கடைசியாக மிஞ்சிய அந்தச் சிறு செடி, மஞ்சு விலகும்போது…

(அடித்துவிட்டேன். இப்படிப் போனால் நானே அழுதுவிடுவேன்.)

2
ராயப்பன்பட்டி அனிதா மேரி தாவர ஆராய்ச்சி செய்கிறாள். மண் சரிந்த இடத்தில் தப்பிய ஒரே செடியை, அனுமதி வாங்கி, வேரடி மண்ணோடு கொண்டுவந்து அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் தொட்டியில் வைத்தாள். அது பூத்து விதை கட்டினால்தான் அந்த இனம் பிழைக்கும். (பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று எங்காவது இருந்தால், பிடுங்க ஆள் கிளம்பிவிடும்.)

மொட்டு வந்தது. மறுவாரமே இலைகள் வெளிறின.

"என்னத்தா, செடி சொணங்கிக் கெடக்கு?" என்றார் அப்பா வின்சென்ட். "கொடிக்கு அடிச்சது போக மிஞ்சுன துத்தத் தண்ணி* ஒரு செம்பு ஊத்துனேனே, நோய் அண்டக் கூடாதுன்னு."

அனிதா குனிந்து தொட்டி மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள்.

"இந்த மண்ணுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருந்துச்சுப்பா. அதுதான் வேருக்குச் சோறு போட்டுச்சு. துத்தம் அதக் கொன்னுருச்சு."

"கிருமியா சோறு போடும்?"

* பூஞ்சைக்குப் பயந்து திராட்சைக்காரர்கள் தெளிக்கும் நீல மருந்து.

3
இங்கே பேனா நின்றுவிட்டது. பூவுக்கு லத்தீன் பெயர் உண்டு, புகைப்படம் உண்டு, அழிவுப் பட்டியலில் இடமும் உண்டு. பாக்டீரியா சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும். செத்தால் கேட்க நாதியில்லை. ஒன்றே ஒன்று என்றால் மனம் பதறுகிறது. கோடி என்றால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வின்சென்ட்டை நாலு வார்த்தை திட்டி எழுதினேன், பிறகு கிழித்துப்போட்டேன். பாசத்தில் ஊற்றியவர். நானும் பூவை மட்டும் பார்த்துத்தானே எழுத வந்தேன்?

4
முடிவு அ: செடி பூத்தது. (நம்ப மாட்டீர்கள்.)
முடிவு ஆ: செடி பட்டுப்போனது. அன்று முதல் மகள் அப்பாவிடம்… (கை வரவில்லை.)

நடந்தவரை சொல்கிறேன். அனிதா துத்தம் ஏறிய மண்ணை உதறி, செடியைப் புது மண்ணில் நட்டாள். இந்தச் செடியை எடுக்க மலையேறிய பூட்ஸின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி வேரோரம் தூவினாள். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

"அதுல உசுரு இருக்குமாத்தா?"

"தெரியலப்பா."

மறுநாள் வானம் மூடியது. மருந்தடிக்காத கொடியை இந்த ஈரத்தில் பூஞ்சை விடாது, பிஞ்சோடு போய்விடும். வின்சென்ட் வரிசை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தவர், தொட்டியை ஒட்டிய இரண்டு வரிசைக்கு முன்னால் ஸ்பிரேயரை நிறுத்தினார்.

"இது கெடக்கட்டும்த்தா. போனாப் போகுது. சோறு போடுறவுக அங்கன தொட்டிக்குள்ள இருந்தாலும் இருப்பாக."

மொட்டு இன்னும் உதிரவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது. முடிவை நீங்கள் எழுதும்போது, மருந்தில்லாமல் மழைக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.