ஊர்வலப் படத்தில் இடம்

சுதந்திரப் பொன்விழாவுக்கென மாமல்லபுரம் சாலையில் திறக்கப்பட்ட தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் 1942 ஊர்வலப் புகைப்படம் ஒன்று உண்டு. அதில் 1997இல் பதினோரு தியாகிகளும் ஐந்து போலீஸ்காரர்களும் இருந்தார்கள். 2003இல் தியாகிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், போலீஸ்காரர் எவருமில்லை. படத்தின் அளவு மட்டும் மாறவில்லை.

தொடங்கிவைத்தவர் கேளம்பாக்கத்தில் மனை விற்ற வாசுதேவன். ராட்டை, சிறைத் தட்டு, கதர்க் குல்லா எல்லாவற்றையும், விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி ஒரே நடையில் முடித்துவிட்டுப் படத்தின் முன் நின்றார். அதில் அவர் அப்பா இல்லை. அந்த வருடம் அப்பா கலெக்டர் துரை பங்களாவுக்கு முட்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பதால் அது ஒன்றும் அதிசயமில்லை. பஸ் ஜன்னல் வழியே இடம் பிடிக்கிற பழக்கத்தில் வாசுதேவன் தோள் துண்டை எடுத்துப் படத்தின்மேல் போட்டார். மறுநாள் துண்டு கிடந்த இடத்தில் அப்பா நின்றார், கையில் கொடியோடு. முட்டைக் கூடையைக் காணோம்.

பிறகு ஞாயிறுதோறும் துண்டுகள் விழுந்தன. துண்டில்லாதவர்கள் கைக்குட்டை போட்டார்கள், மஞ்சள் பை போட்டார்கள். ஒருவர் செருப்பைப் போட்டுப் பார்த்தார், அது செல்லவில்லை. போலீஸ்காரர்களின் பேரன்களும் வரவே, ஐந்து பேரும் லத்தியை நழுவவிட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அடிக்க ஆளில்லாததால், காப்பாளர் ராமானுஜம் விளக்க அட்டையில் 'தடியடி' என்றிருந்ததை 'நெரிசல்' என்று திருத்தினார்.

நெரிசலில் ஓரத்துக்குப் போனவர் படாளம் கண்ணாயிரம். வயது இருபத்து நான்கு. உண்மையாகவே ஊர்வலத்தில் நடந்து, உண்மையாகவே சிறையில் செத்தவர். அந்த அலைச்சலில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் செத்த பிறகு பிறந்த மகள் வேண்டாவுக்கு அப்பா முகம் என்று இருந்தது இது ஒன்றுதான். மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வந்து பார்ப்பாள். 2001இல் அவருடைய ஒரு கை போயிற்று. 2003 ஆடியில் அவளுக்கு அறுபது வயது. படத்தில் பாதி முகம்தான் மிச்சம்.

"அண்ணாத்த, எங்க நைனாவ இட்ச்சித் தள்ளிகினே கீறாங்க. கொஞ்சம் நவுரச் சொல்லேன்."

"நீயும் ஒரு துண்டு போட்டிருக்கணும்மா" என்றார் ராமானுஜம்.

"மெய்யா நடந்த மன்சனுக்கு இன்னாத்துக்கு துண்டு?"

"அதனாலதான் எடம் போச்சு."

வேண்டா படத்தருகே போனாள். முட்டைக்காரரின் முழங்கை கண்ணாயிரத்தின் விலாவில் இருந்தது.

"எறங்கு நைனா. இந்த வண்டி நமக்கு வாணாம்."

கண்ணாயிரம் இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாததற்கு அபராதம் உண்டா என்று ராமானுஜம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உள்ளே வருகிறவர்களுக்குத்தான் விதி இருந்தது, உள்ளேயே இருந்தவர்களுக்கு இல்லை. காலியான ஓரத்தில் அன்று மாலைக்குள் நெம்மேலிக்காரர் ஒருவர் துண்டு போட்டுவிட்டார்.

ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கப் போனபோது, அறுபது வயதுக்காரிக்கு இருபத்து நான்கு வயதில் அப்பா இருக்கப் படிவத்தில் வழியில்லை என்று எழுத்தர் 'மகன்' என்று எழுதிக்கொண்டார். இருவரும் ஆட்சேபிக்கவில்லை. தினமும் காலையில் வேண்டாவுக்கு எதிரே உட்கார்ந்து, கறுப்பு வெள்ளையில், முழு முகம் தெரிய இட்லி தின்கிறார்.